பர்னரைக் கழுவி மாட்டிய நாளிலிருந்து தீ மஞ்சளாக எரிகிறது, குக்கர் அடியில் கரி பிடிக்கிறது

மாடிவீட்டு மல்லிகை, மதுரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது கண்ணாடி மேல்தட்டும் மூன்று பித்தளை பர்னர்களும் உள்ள கேஸ் அடுப்பு. வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. சென்ற வெள்ளிக்கிழமை பாயசத்துக்காகப் பாலை ஏற்றிவிட்டு, வாசலுக்கு வந்த கீரைக்கார அம்மாவிடம் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்துக்குள் பால் பொங்கி வழிந்து, பெரிய பர்னரின் தீயையே அணைத்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது தீ இல்லை. குமிழ் மட்டும் திறந்தபடி இருந்தது. சமையலறை முழுவதும் வாடை. உடனே குமிழை மூடி, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு செய்ததில்தான் எங்கோ பிசகு நேர்ந்திருக்கிறது. மூன்று பர்னர் தலைகளையும் கழற்றி, புளியும் கல்லுப்பும் கரைத்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் தேங்காய் நாரால் தேய்த்தேன். குத்துவிளக்கைப் போலப் பளபளத்தன. பர்னர் உட்காரும் குழாய்க்குள்ளும் பால் இறங்கியிருந்ததால், அதற்குள் ஒரு தம்ளர் வெந்நீரை ஊற்றி, அடுப்பைச் சாய்த்து வடித்துவிட்டு, எல்லாவற்றையும் துணியால் துடைத்து மாட்டினேன்.

அன்றிலிருந்து பெரிய பர்னரில் தீ நீலமாக வருவதில்லை. மஞ்சளாக, நீளமாக, சோம்பலாக அசைந்து எரிகிறது. ஒரு வேளை சாதம் வைத்தாலே குக்கரின் அடி மைபூசியது போலாகிவிடுகிறது. சின்ன பர்னரில் தீ நீலம்தான், ஆனால் நடுநடுவே ஆரஞ்சு நிறத்தில் பொறி பறக்கிறது. அதில் பாத்திரம் கறுப்பதில்லை. பெரிய பர்னரின் குமிழும் திருப்ப முடியாமல் இறுகிவிட்டது. ஜெட்டில் ஊக்கை விட்டுக் குத்தினால் அடைப்பு போய்விடும் என்கிறார் என் கணவர். குமிழுக்குள் நான்கு சொட்டு தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டையும் இன்னும் செய்யவில்லை.

இன்னொன்று. சிலிண்டர், மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரியில் இருக்கிறது. இரண்டு மூன்று நாட்களாகக் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது மட்டும் லேசாக வாடை வருவது போலத் தோன்றுகிறது. சிறிது நேரத்தில் போய்விடுகிறது. இது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். விவரம் அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


அடுப்படி அண்ணாச்சி, பாளையங்கோட்டை

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடுப்புப் பழுதுபார்க்கும் கடை நடத்திவிட்டு, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவன் நான். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். மஞ்சள் தீ நாளைக்குக் காத்திருக்கும். அலமாரி வாடை காத்திருக்காது.

சிலிண்டரில் இருக்கும் எரிவாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்த வாயு கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். ஆகவே மூக்குக்கு வாடை வந்துவிட்டால் அதை மனப்பிரமை என்று தள்ளக்கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஜன்னல் வழியாக மேலே போய்விடாது; தண்ணீரைப் போலத் தரையோடு தரையாகப் பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். இரவு முழுவதும் மூடிக் கிடந்த அலமாரியில் காலையில் மட்டும் வாடை வருவது, சொட்டுச் சொட்டாக எங்கோ கசிந்து அங்கே சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இதைப் படித்தவுடன் செய்ய வேண்டியது இதுதான்: எரியும் எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி எதுவாக இருந்தாலும் அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரோடு நைலான் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியை வாய்மேல் அழுத்தி மாட்டுங்கள். பின்கதவை, குறிப்பாகத் தரைமட்டத்தில் காற்றுப் போகும் வழியைத் திறந்து வையுங்கள். வாடை இருக்கும்போது மின்விசிறி, எக்ஸாஸ்ட், விளக்கு என்று எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; இரண்டிலும் பொறி ஒன்றுதான். கைக்கு முறம் கிடைத்தால் அதைக் கொண்டு வாசல் பக்கமாக விசிறிவிடலாம். மூடி மாட்டிய பிறகும் வாடை குறையாவிட்டால், வீட்டில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். எரிவாயுக் கசிவுக்கென்றே உள்ள எண் அது, இரவிலும் எடுப்பார்கள்.

வாடை முழுவதும் போன பிறகு, பகல் வெளிச்சத்தில் கசிவைத் தேடலாம். ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரையைக் கட்டியாகக் கலக்கி, பழைய ஷேவிங் பிரஷ்ஷில் எடுத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரை மாட்டித் திறந்து, அடுப்புக் குமிழ்களை மூடிய நிலையில், ரெகுலேட்டரின் கழுத்து, டியூபின் இரண்டு முனைகள், டியூபின் நீளம் முழுவதும், குமிழ்களின் அடி ஆகிய இடங்களில் நுரையைத் தடவுங்கள். கசியும் இடத்தில் நுரை கொப்புளம் கொப்புளமாக ஊதிக்கொண்டு வரும். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்றும் சிலரிடம் இருக்கிறது. அப்படிப் பார்த்துப் புருவம் கருகியவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

டியூபுக்கு அழகுக்காகத் துணியுறை போட்டிருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி எறியுங்கள். எலி கடித்தாலும் வெடித்தாலும் உறைக்குள் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிற டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். மாதமும் ஆண்டும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அடுப்போடு வாங்கியதென்றால் உங்கள் டியூபுக்கு ஆறு வயது. கசிந்தாலும் கசியாவிட்டாலும் அதை மாற்றியாக வேண்டும். புதியது ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். ஒட்டுப்போட்ட டியூபும் வேண்டாம். சிலிண்டரை அலமாரிக்குள்தான் வைப்பீர்கள் என்றால், கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்குத் துளைகள் போடச் சொல்லுங்கள். மேலே மட்டும் துளை போட்டுப் பயனில்லை.

இனி மஞ்சள் தீக்கு வருகிறேன். குமிழைத் திறந்தவுடன் வாயு, ஊசிமுனை அளவே உள்ள ஜெட் துளையின் வழியாக வேகமாகப் பீய்ச்சுகிறது. அந்த வேகமே பக்கத்தில் உள்ள காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் போகிறது; இரண்டும் கலந்து பர்னர் தலையின் துளைகள் வழியாக வந்து எரிகின்றன. காற்று போதுமானால் தீ நீலமாக, கட்டையாக, நிமிர்ந்து நிற்கும். காற்று குறைந்தால் வாயு முழுவதும் எரியாமல் கரியாக மாறும். அந்தக் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதுதான் நீங்கள் பார்க்கும் மஞ்சள், அவை போய் ஒட்டுவதுதான் குக்கர் அடியில் இருக்கும் மை. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு மஞ்சள் தீயில் நெடுநேரம் சமைப்பது, கரி தேய்க்கும் தொல்லையைவிடப் பெரிய தொல்லை.

உங்கள் பெரிய பர்னரில் காற்று போகும் வழி எதனால் அடைபட்டது என்றால், நீங்கள் ஊற்றிய அந்த ஒரு தம்ளர் நீராலும், அது கரைத்துக்கொண்டு உள்ளே தள்ளிய பாலாடையாலும் என்பதே என் கணிப்பு. கலவைக் குழாய் நேர்க்குழாய் அல்ல; வளைந்து கிடக்கும். அடுப்பைச் சாய்த்தால் வடிந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் வளைவில் கொஞ்சம் நிற்கும். அதனால் பர்னர் உட்காரும் குழாய்க்குள் எப்போதும் தண்ணீர் ஊற்றக்கூடாது. மேடையைத் துடைக்கும்போதுகூட அந்த வாயை ஒரு சின்னத் தம்ளரால் கவிழ்த்து மூடிவிட்டுத் துடைப்பது நல்லது. இப்போது பர்னர் தலையை எடுத்துவிட்டு, அடுப்பை டியூபிலிருந்து பிரித்து, கவிழ்த்து வைத்து, ஒரு பகல் முழுவதும் நிழலில் காயவிடுங்கள். பிறகு, பாட்டில் கழுவும் நீள பிரஷ்ஷில் மெல்லியதாக ஒன்றை எடுத்து, உலர்ந்த நிலையில் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். மழைக்காலத்தில் சிலந்தியும் கரப்பான்பூச்சியும் அதற்குள் குடியேறுவதுண்டு. ஒரு முறை ஒரு குளவிக்கூட்டையே எடுத்திருக்கிறேன்.

உங்கள் கணவர் சொன்ன ஊக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம். பர்னர் தலையில் உள்ள துளைகளை ஈர்க்குச்சியாலோ பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ சுத்தம் செய்யலாம். ஜெட்டை அப்படித் தொடக்கூடாது. ஜெட் மென்மையான பித்தளை, ஊக்கு எஃகு. ஒரு குத்தில் துளை மயிரிழை அகன்றாலும் வாயு கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். காற்று அந்த அளவுக்கு அதிகமாகாது. மஞ்சள் தீ நிரந்தரமாகிவிடும், சிலிண்டரும் சீக்கிரம் தீரும். அடைப்பு உண்மையிலேயே ஜெட்டில் இருந்தால் தீ மஞ்சளாகாது; சிறுத்து, ஒடுங்கி எரியும். உங்களுடையது நீளமாக எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

சின்ன பர்னரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆரஞ்சுப் பொறி என்பது கல்லுப்பின் மிச்சம். உப்பில் உள்ள சோடியம் தீயில் பட்டால் அந்த நிறம்தான் காட்டும்; அடுப்பின் அருகே வீடு கூட்டினால் தூசி பட்டும் அப்படிப் பறக்கும். பாத்திரம் கறுக்காதவரை அது குற்றமல்ல. தலையை நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசி, நன்றாகக் காய வைத்து மாட்டினால் போய்விடும்.

குமிழுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் முதல் இரண்டு நாள் வெண்ணெயாகத் திரும்பும். குமிழுக்கு அடியில் கூம்பு வடிவத்தில் ஒரு பித்தளை அடைப்பான் இருக்கிறது. வாயு கசியாமல் நிறுத்துவது அதன்மேல் பூசிய தனி கிரீஸ்தான். எண்ணெய் அந்த கிரீஸைக் கரைத்துவிட்டு, பிறகு தானே பிசினாகக் கெட்டிப்படும். கசிவும் வரும், இறுக்கமும் திரும்ப வரும். இது ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.


காவிரிக்கரை, கும்பகோணம்

அண்ணாச்சி அடுப்பின் உள்ளே இருப்பதை விளக்கிவிட்டார். நான் மேலே இருக்கும் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் எங்கள் வீட்டில் அது ஒரு நாள் வெடித்தது.

பொங்கலுக்கு ஊரிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பெரிய இட்லிக் கொப்பரையை இரண்டு பர்னர்களுக்கும் நடுவில் வைத்து, இரண்டையும் முழுத் தீயில் எரியவிட்டிருந்தேன். மூன்று ஈடு எடுத்த பிறகு, வழிந்திருந்த மாவைத் துடைக்கலாம் என்று, பிழிந்தும் பிழியாமலும் இருந்த ஈரத்துணியைக் கண்ணாடிமேல் வைத்தேன். பட்டாசு போல ஒரு சத்தம். அடுத்த நொடி கண்ணாடி முழுவதும் கற்கண்டு கற்கண்டாக உதிர்ந்து, மேடை, தரை, சட்னிக் கிண்ணம் என்று எல்லா இடத்திலும் கிடந்தது. உடைந்தால் கத்தி போல் நீளமாகப் பிளக்காமல் சிறு துண்டுகளாக உதிர வேண்டும் என்று பதப்படுத்திய கண்ணாடி அது என்பதால் யாருக்கும் வெட்டுக்காயம் இல்லை. ஆனால் திறந்திருந்த சாம்பாரையும் சட்னியையும் அப்படியே கொட்ட வேண்டியிருந்தது. மாமியாருக்கு இன்றும் அந்தச் சாம்பார் மேல்தான் வருத்தம்.

விற்ற கடைக்காரரிடம் போனபோது, பர்னரின் அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாத்திரத்தின் அடி, தீயின் சூட்டைக் கண்ணாடிமேலேயே திருப்பி அனுப்பும் என்றும், அப்படிக் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த ஈரம் பட்டால் தாங்காது என்றும் சொன்னார். வாங்கும்போது சொல்லியிருக்கலாம். அன்று முதல் கொப்பரைக்கும் பிரியாணி அண்டாவுக்கும் மாடியில் தனி இரும்பு அடுப்பு வைத்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைப்பது ராத்திரிச் சமையல் முடிந்து, கையை வைத்தால் சுடாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான். அதற்கும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும். இரும்புக் கம்பிச்சுருளைக் கண்ணாடியில் போடவே போடாதீர்கள். அது போடும் கீறல்தான் பின்னால் விரிசல் தொடங்கும் இடம்.

காய்ந்து ஒட்டிய பால் கறைக்கு, ஆறின அடுப்பில் ஈரத்துணியை அரை மணி நேரம் போட்டு வைத்தால் ஊறி, விரலால் தள்ளினாலே வந்துவிடும். சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்துக் கொட்டினால் பொங்கிப் பொங்கி அழுக்கெல்லாம் வருவது போலப் படங்களில் காட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைக் குழைத்துத் தனியாகவும், உப்புநீர்க் கறைக்கு வினிகரையோ எலுமிச்சம்பழத்தையோ தனியாகவும் பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் வேலை நடக்கும்.

மல்லிகை, புளி பித்தளைக்கு நல்லதுதான், ஆனால் இரவு முழுவதும் வேண்டாம். கால் மணி நேரம் போதும். உங்கள் பர்னர் தலை பார்க்க வெள்ளை நிறமாக, கையில் எடுத்தால் கனமில்லாமல் இருந்தால் அது அலுமினியக் கலவை. அதைச் சலவைச் சோடாவில் போட்டால் கறுத்து, மேல்தோல் அரித்துப்போகும்.


தனிக்குடித்தனம், வேளச்சேரி

நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றுகிறது. குளியலறைக்கு வாங்கிய ஆசிடில் பர்னரை ஐந்து நிமிடம் போட்டேன். நுரைத்துக்கொண்டு எல்லா அழுக்கும் போய், புதிதுபோல ஆகிவிட்டது. பிறகு கிருமி போகட்டும் என்று அதே வாளியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவலாம் என்று இருக்கிறேன். இதில் ஏதாவது தவறு உண்டா?


அடுப்படி அண்ணாச்சி, பாளையங்கோட்டை

தம்பி, உடனே நிறுத்துங்கள். ஆசிடோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில் 1915-ல் ஈப்ரே போர்முனையில் ஆட்களைக் கொல்ல அவிழ்த்துவிட்ட அதே வாயு. ஒற்றை ஜன்னல் உள்ள குளியலறையில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் புண்ணாகிவிடும். அந்த ஆசிடை அந்த வாளியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். அன்றைக்குப் பிளீச்சிங் பவுடரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நுரைத்துப் போனது அழுக்கு மட்டுமல்ல, பர்னரின் உலோகமும் சேர்ந்துதான். அரிக்கப்பட்ட தலை, குழாயின் வாயில் சரியாக உட்காராது. இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் தீ எட்டிப்பார்க்கும். தீயைச் சிம்மில் வைக்கும்போது 'பக்' என்ற சத்தத்தோடு தீ உள்ளே போய், ஜெட்டின் வாயிலேயே நின்று எரியும். அப்போது மேலே தீ தெரியாது. உஸ்ஸென்ற இரைச்சல் கேட்கும், குமிழ் சுடும். அப்படி ஆனால் குமிழை மூடி, முழுவதும் ஆறவிட்டு, தலையைச் சரியாக அமர்த்திய பிறகே பற்றவைக்க வேண்டும். மாட்டியவுடன் தலையை விரலால் லேசாகச் சுழற்றிப் பாருங்கள். பள்ளத்தில் அமர்ந்த தலை ஆடாது.


யாழ் குசினி, யாழ்ப்பாணம்

அண்ணாச்சி எழுதியதை வாசித்தபோது 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. அப்போது இலங்கை முழுவதும் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்தன. எங்களுடைய சிலிண்டர் 12.5 கிலோ. அதில் புரொப்பேனின் பங்கு வழமையைவிடக் கூட்டப்பட்டதுதான் முக்கிய காரணம் என்று பின்னர் அமைக்கப்பட்ட குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும்; பழைய றெகுலேற்றரும் பழைய குழாயும் அதைத் தாங்கமாட்டா. அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் சவர்க்கார நுரையோடுதான் சமையலைத் தொடங்கினோம். எங்கள் அம்மா சில கிழமைகள் முற்றத்தில் விறகடுப்பு மூட்டியே சமைத்தார்.

பயம் தெளிந்த பிறகும் ஒரு பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது. புதுச் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும், கொண்டுவந்த பையன் படலையைத் தாண்டுவதற்கு முன்பே நுரை தடவிப் பார்த்துவிடுவோம். ஒரு முறை வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையமே இல்லை. அந்தப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மல்லிகை அக்கா, ஒன்று கேட்கலாமா? பால் பொங்கித் தீ அணைந்தால் காஸைத் தானாகவே நிறுத்தும் அமைப்புள்ள அடுப்புகள் இருக்கின்றன அல்லவா? இந்தியாவில் அவை வீட்டுப் பாவனைக்குக் கிடைப்பதில்லையா?


காவிரிக்கரை, கும்பகோணம்

கிடைக்கின்றன, ஆனால் சாதாரணமாக எல்லோரும் வாங்கும் அடுப்புகளில் அது இருப்பதில்லை. கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பர்னரின் ஓரத்தில் ஒரு சிறு உலோக முள் நிற்கும். அது தீயில் சூடாக இருக்கும்வரைதான் வாயு திறந்திருக்கும், ஆறினால் சில நொடிகளில் மூடிக்கொள்ளும். அந்த முள்ளில் அழுக்குப் படிந்தால் குமிழை விட்டவுடன் தீ அணைந்துவிடும் என்று என் தங்கை அலுத்துக்கொள்வாள். துடைத்து வைத்தால் சரியாகிவிடுகிறது. அது இல்லாத நம்மைப் போன்றவர்கள், பால் வைத்தால் கீரைக்காரியை நாளை வரச் சொல்ல வேண்டியதுதான்.

பால் பேச்சு வந்ததால் எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். வடைச் சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீரை ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, பல நூறு மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். குமிழை மூடி, தட்டையான மூடி ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். கையில் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் மாவும் ஐஸும் வேண்டாம்.


மாடிவீட்டு மல்லிகை, மதுரை

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

அண்ணாச்சி எழுதியதைப் படித்த அன்றே ரெகுலேட்டரைக் கழற்றி மூடி மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் அடுப்பில் இரவுச் சமையலை முடித்தேன். மறுநாள் காலை டியூபின் பூப்போட்ட துணியுறையை உருவியபோது, சுவரோரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த வளைவில் எலியின் பல் பதிந்த இடம் தெரிந்தது. மேல் ரப்பர் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பி வலை மினுமினுத்தது. நுரை தடவியபோது அந்த இடத்தில் ஒரே ஒரு கொப்புளம் மெதுவாக ஊதி, உடைந்து, மறுபடியும் ஊதியது. அந்த உறையை நான்தான் கொலு சமயத்தில் அளவெடுத்துத் தைத்தேன். ரெகுலேட்டரை அப்போதே மூடிக் கழற்றிவிட்டேன். டியூபில் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்த்தால் ஐந்து ஆண்டு முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. கேஸ் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து புது டியூப் மாட்டி, வாயில் இருந்த ரப்பர் வளையத்தையும் மாற்றிவிட்டுப் போனார்.

அடுப்பை நிழலில் கவிழ்த்து வைத்ததில் பெரிய பர்னரின் குழாயிலிருந்து இரண்டு தேக்கரண்டி அளவுக்குப் பழுப்பு நிறத் தண்ணீர் வந்தது. பிரஷ்ஷை விட்டுச் சுழற்றியபோது தோல் போல ஒரு பாலாடைத் துண்டும், நல்லவேளையாகக் குளவிக்கூடு இல்லாமல், ஒரு கரப்பான்பூச்சியின் காலும் வந்தன. குமிழை மெக்கானிக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, புதிதாகப் பூசி, முந்நூற்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது பெரிய பர்னரில் தீ பழையபடி நீலமாக, கட்டையாக நிற்கிறது. சின்ன பர்னரை இரண்டு முறை அலசிக் காயவைத்ததில் ஆரஞ்சுப் பொறியும் நின்றுவிட்டது.

ஆனால் நடு பர்னரின் தலையைத் தம்பிக்குச் சொன்னது போல விரலால் சுழற்றிப் பார்த்தேன். ஆடுகிறது. புதுத் தலை வாங்கலாமா, அல்லது இதையே தட்டிச் சரிசெய்யலாமா?


அடுப்படி அண்ணாச்சி, பாளையங்கோட்டை

தட்டினால் கோணிப்போகும்; புதியதே வாங்குங்கள். அளவு சொல்லி வாங்காமல் பழைய தலையைக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் கவிழ்த்து வைத்து, அடிவளையமும் உயரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். அதுவரை நடு பர்னரின் குமிழைத் தொடாமல் இருக்க, வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும்படி அதன்மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டி வையுங்கள்.